படகைத் தொட்ட கை

அந்தப் படகை முதலில் தொட்டது என் கைதான் என்று இருபத்தாறு வருடங்களாகச் சொல்லிவருகிறேன். இப்போது அதில் எனக்கே சந்தேகம். வெள்ளை வண்ணம் பூசிய அதன் பக்கவாட்டில் கை வைத்ததும், ஈரம் உள்ளங்கையில் ஒட்டியதும் நினைவிருக்கிறது. ஆனால் அது முதல் நாளின் ஈரமா, பிறகு வந்த ஐந்து மாதங்களில் எத்தனையோ முறை தொட்டதில் ஒன்றா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் படகின் இடப்பக்கம் இருந்தேன். என் கணவரின் தம்பி துவைனே வலப்பக்கம். ஒருவர் கையை இன்னொருவர் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் பார்க்க முடிந்தவள் அந்தப் படகில் வந்து மேலே நின்ற நோல்வென் ஒருத்திதான். அவளிடம் நான் கேட்கவே இல்லை.

பசிபிக் கடலில் இருக்கும் எங்கள் தீவுக்குத் துறைமுகம் கிடையாது. வருகிற பாய்மரப் படகுகள் பவளப்பாறைக்கு வெளியே மிதவையில் கட்டிக்கொண்டு நிற்கும். யார் முதலில் போய்ப் படகைத் தொடுகிறார்களோ, விருந்தாளி அந்த வீட்டுக்கு. திரும்பிப் போகும்வரை சாப்பாடு, குடிதண்ணீர், துணி துவைப்பது எல்லாம் அந்த வீட்டின் பொறுப்பு. வேறு வீட்டார் ஒரு வாய் சோறு போட வேண்டுமென்றாலும் தொட்ட வீட்டிலிருந்து சொல்லி அனுப்ப வேண்டும். சொல்லாமல் கூப்பிட்டால், அந்த வீட்டில் விருந்தாளிக்கு வயிறு நிறையவில்லை என்று ஊருக்கு அறிவித்ததுபோல ஆகிவிடும். அறுபது பேர் வாழும் தீவில் அந்தப் பேச்சு லேசில் அடங்காது. அதனால் யாரும் கூப்பிடமாட்டார்கள். தொட்ட வீட்டாரே இரண்டு மூன்று நாளுக்கொரு முறை, "இன்னைக்கு அவங்க வீட்டுல சாப்பிடுங்க" என்று அனுப்பிவைப்பார்கள். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். நான் செய்யவில்லை.

அப்போது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. பள்ளிக்கூட வேலையை விட்டு ஒரு வருடம். கணவர் மத்தாயோ இறந்து மூன்று வருடம். பிள்ளைகள் இரண்டு பேரும் ஆக்லாந்தில். மத்தாயோ போன பிறகு எங்கள் வீட்டிலிருந்து யாரும் படகு தொடப் போகவில்லை. பழைய விருந்தாளிகள் விட்டுப்போன புத்தகங்கள் அலமாரியில் உப்புக்காற்றில் ஊதிக்கிடந்தன. ஒவ்வொன்றையும் நாலைந்து முறை படித்திருந்தேன்.

ஜூன் மாதத்தில் ஒரு காலை, மேற்கே ஒரு படகின் பாய் தெரிந்தது. ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. மத்தாயோவின் அலுமினியப் படகை நானே தள்ளி இறக்கினேன். பவளப்பாறைக்கு நடுவே படகு போகும் திறப்பான பாறைவாயைத் தாண்டும்போது துவைனே பக்கத்தில் வந்துவிட்டான்.

"அண்ணி! உங்களுக்கு எதுக்கு இந்த வேல? திரும்பிப் போங்க, மத்தியானம் மீன் குடுத்தனுப்புறேன்!"

"உன் மீனு யாருக்கு வேணும்? வழிய விடுடா."

"அந்த மோட்டாருக்கு அண்ணனவிட வயசு ஜாஸ்தி. நடுக்கடல்ல உங்கள எறக்கிவிட்டுட்டு அது மட்டும் வீட்டுக்குப் போயிரும், பாத்துக்குங்க!"

மோட்டாரை முடுக்கினேன். பாய்மரப் படகை நெருங்கியதும் கையை நீட்டினேன். அந்தப் பக்கத்திலிருந்து சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு துவைனேவின் குரல் வந்தது.

"சரி, எடுத்துக்குங்க அண்ணி. உங்க கைதான் முந்தி."

பார்க்காமல் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நோல்வென் பிரான்சின் பிரெத்தான் கரையில் பிறந்தவள். நாற்பதைத் தாண்டியிருப்பாள். ஒன்றரை வருடமாகத் தனியாகவே கடலில் வந்துகொண்டிருந்தாள். ஏன் தனியாக என்று நான் கேட்கவில்லை. கேட்காதது அவளுக்குப் பிடித்திருந்தது என்று நினைத்தேன். மூன்று நாள் என்றுதான் சொன்னாள். மூன்று நாள் மூன்று வாரமானது, அப்புறம் அவள் கணக்கு வைப்பதை விட்டுவிட்டாள். காலையில் காயலில் நீந்துவாள். பிறகு பாய்த்துணியை விரித்துத் தைப்பாள். தீவைச் சுற்றி நடக்க முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு சுற்று முடித்து வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடியும் ஒரு சுற்று போவாள். நான் முளைவிட்ட தேங்காயின் பூவை அரைத்து அடை சுடுவேன். மத்தியானம் புன்னை மரத்தடியில் மேசையின் ஒரு முனையில் அவள் படிப்பாள், மறுமுனையில் நான். பக்கம் திரும்பும் சத்தம் மட்டும் கேட்கும். மூன்று வருடத்தில் முதல்முறையாக என் வீட்டில் இரண்டு தட்டு கழுவினேன்.

துவைனேவின் வீடு நாற்பது அடி தள்ளி. அங்கே பதினோரு பேர். சாயங்காலம் உகுலேலே வாசிப்பார்கள், யாராவது யாரையாவது திட்டுவார்கள், எல்லாரும் சிரிப்பார்கள். அப்போது நோல்வென் புத்தகத்திலிருந்து தலையைத் திருப்புவாள். நான் அதைப் பார்ப்பேன். பார்த்துவிட்டு என் பக்கத்துக்குத் திரும்பிக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டதும் துவைனே என் பின்னாலேயே வந்தான்.

"அண்ணி, விருந்தாளிய ஒரு ஞாயித்துக்கெழமையாவது விடுங்க. நாங்க ஒண்ணும் கடிச்சிர மாட்டோம்."

"அவளுக்குச் சத்தம் புடிக்காது."

"அவ சொன்னாளா?"

"எனக்குத் தெரியும்."

"பொஸ்தகத்த வெச்சிக்கிட்டு ரெண்டு பேரும் நாரைங்க மாதிரி ஒக்காந்திருக்கீங்க. ஒருநாள் அலை வந்து தூக்கிட்டுப் போகும், அப்பவும் வாயத் தொறக்க மாட்டீங்க."

அவன் மனைவி வைமானு அவன் முழங்கையைக் கிள்ளினாள். "சும்மா வாங்க. தொட்டவங்க அவங்க. அவங்க இஷ்டம்." என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆனால் நான் சொல்லி அனுப்புவதற்காக அவள் காத்திருக்கிறாள் என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

ஆகஸ்ட் கடைசியில் நோல்வென் தன் படகின் அடுப்பில் உலர்திராட்சை போட்டு ஒரு ரொட்டி சுட்டாள். அதை எடுத்துக்கொண்டு அவளாகவே துவைனே வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் வெறும் தட்டோடு திரும்பிவந்தாள்.

"வாங்கிக்கிட்டாங்க. ரொம்ப நன்றின்னாங்க," என்றாள். "அப்புறம் அவங்க வாசல்லயே நின்னாங்க. நானும் நின்னேன்."

"அப்புறம்?"

"வந்துட்டேன்."

வைமானு ஏன் வாசலை விட்டு நகரவில்லை என்று எனக்குத் தெரியும். உள்ளே வந்து உட்கார் என்ற சொல் அவள் வாய்வரை வந்து நின்றிருக்கும். என்னை அவமானப்படுத்தக் கூடாதென்று அதை விழுங்கியிருப்பாள். இதை நோல்வென்னிடம் சொல்ல இரண்டு வாக்கியம் போதும். சொன்னால் நாளை அவள் அங்கே சாப்பிடுவாள். அடுத்த நாள் வேறொரு வீடு. பிறகு அந்த வீடுகளோடு ஒப்பிட்டால் என் வீடு எப்படிப்பட்ட வீடு என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். நான் தட்டை வாங்கிக் கழுவி வைத்தேன்.

அக்டோபர் முடியும்போது காற்று மாறத் தொடங்கியது. காயலோரம் உட்கார்ந்து இருவரும் கிளிமீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தோம். குடலைத் தின்ன சுறாக்குட்டிகள் முழங்கால் தண்ணீருக்குள் வந்துபோயின.

"மேக்குக் காத்து அடிச்சா படகு பாறைல ஏறிடும்," என்றாள் நோல்வென். "கெளம்பணும்."

நான் தலையாட்டினேன்.

"புயல் மாசத்துக்குப் படக உள்ள இழுத்துக் கட்டலாம்னு துவைனே ஒரு தடவ சொன்னாரு. அடுத்த வருஷம் வரைக்கும் இருந்துடலாமான்னு கூட யோசிச்சேன்." கத்தியைத் தண்ணீரில் அலசினாள். "ஆனா அஞ்சு மாசமாச்சு. ஒருத்தர்கூட ஒரு தடவ வீட்டுக்கு வான்னு கூப்பிடல. நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா அகைதி?"

அவள் கேட்ட சொற்கள் இவையேதானா, பின்னால் நான் சேர்த்துக்கொண்டவையா என்று உறுதியாகச் சொல்லமாட்டேன். கேட்டாள் என்பது உறுதி. அவள் முகத்தைப் பார்க்காமல் நான் சுரண்டிக்கொண்டே இருந்ததும் உறுதி. செதில் ஒன்று என் இமையில் ஒட்டியிருந்தது. அதை எடுக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை.

"இங்க எல்லாரும் அப்படித்தான்," என்றேன்.

"நீங்க அப்படி இல்லையே," என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் மறக்கப் பார்க்கிறேன்.

மூன்றாம் நாள் காலை அவள் கிளம்பினாள். வழியனுப்புவதற்கு எங்கள் ஊரில் யாருடைய அனுமதியும் வேண்டாம். அறுபது பேரும் கரையில் இருந்தார்கள். சிப்பி மாலைகள் அவள் மோவாய்வரை ஏறிவிட்டன. ஓலைப்பாய், உலர்த்திய மீன், தேங்காய் என்று ஒவ்வொரு வீடும் ஐந்து மாதமாகச் சேர்த்து வைத்திருந்ததைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தது. வைமானு இளங்குருத்து ஓலையில் நெய்த வெள்ளைத் தொப்பியை அவள் தலையில் வைத்தாள். அளவு சரியாக இருந்தது. "கோயில்ல பின்னால ஒக்காந்து கண்ணாலயே அளவெடுத்தேன்," என்று சொல்லும்போதே வைமானு அழுதுவிட்டாள். பிறகு எல்லாரும் பாடினார்கள், பாடிக்கொண்டே அழுதார்கள்.

நோல்வென் என் பக்கம் திரும்பினாள். "இவங்களுக்கு என் பேரு தெரியுமா?"

நான் வாய் திறப்பதற்குள் துவைனே முந்திக்கொண்டான்.

"பேரா? நீ காலைல எத்தன மணிக்கு நீந்தப் போவ, தும்மல் வந்தா எத்தன தடவ தும்முவ, எல்லாம் தெரியும். எங்க மேசைல உனக்குன்னு ஒரு நாற்காலி போட்டு அஞ்சு மாசமாச்சு. தொட்டவங்க சொல்லாம நாங்க கூப்பிட முடியாதே. அண்ணி விட்டாத்தானே!"

வேடிக்கையாகத்தான் சொன்னான். நாலைந்து பேர் சிரித்தார்கள். நோல்வென் சிரிக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன். துவைனே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். "அவளுக்குத் தெரியாதா?" என்று எங்கள் மொழியில் மெதுவாகக் கேட்டான்.

பாறைவாயில் தண்ணீர் வடிகிறது, சீக்கிரம் கிளம்புங்கள் என்று யாரோ கத்தினார்கள். இருந்துவிட்டுப் போ என்று சொல்வதற்கு அப்போதும் நேரம் இருந்தது. விருந்தாளியைக் கொண்டுபோய் விட வேண்டியதும் தொட்ட வீடுதான். மத்தாயோவின் படகில் அவளை ஏற்றிக்கொண்டு போனேன். பத்து நிமிடம். ஐந்து மாதம் எங்களுக்கிடையே இருந்த மௌனமும் அந்தப் பத்து நிமிட மௌனமும் ஒன்றல்ல. அவள் ஏணியில் ஏறி, மேலே நின்று, குனிந்து பார்த்தாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா இருந்திருப்பேன்," என்றாள்.

நான் அவள் படகின்மேல் கையை வைத்தேன். கயிற்றை அவிழ்த்தபின் அது நகர்ந்து, என் கையை விட்டுப் போனது.

நோல்வென் நியுவே வழியாகத் தொங்காவுக்கும் அங்கிருந்து நியூசிலாந்துக்கும் போனாள். அங்கே படகை விற்றுவிட்டு ஊர் திரும்பினாள். அடுத்த வருடம் சரக்குக் கப்பலில் ஒரு கடிதம் வந்தது, துவைனே வீட்டு முகவரிக்கு. கோயிலில் உரக்கப் படித்தார்கள். ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லி விசாரித்திருந்தாள். கடைசியில் எனக்கும் வணக்கம் இருந்தது. அவள் திரும்பி வரவில்லை. துவைனே எட்டு வருடம் முன்னால் ரரோடோங்கா ஆஸ்பத்திரியில் இறந்தான். அங்கே போக அவன் கப்பலேறும்போது, அன்றைக்கு யார் கை முந்தி என்று கேட்டேன். "இப்ப எதுக்கு அண்ணி அது?" என்று சொல்லிச் சிரித்தான். வைமானு ஆக்லாந்தில் மகளோடு இருக்கிறாள். அவர்கள் வீட்டுக் கூரை ஒரு புயலில் போனது, யாரும் திரும்பப் போடவில்லை. மத்தாயோவின் படகு தென்னந்தடிகள்மேல் கவிழ்ந்து கிடக்கிறது. எனக்கு எழுபத்தொன்பது. இந்த வருடம் இதுவரை நாலு படகு வந்தது. தொடப் போனவர்கள் வேறு வீட்டார்கள். அவர்களுடைய விருந்தாளிகளை வாரம் ஒருநாள் என் வீட்டுக்கும் சாப்பிட அனுப்புகிறார்கள்.