அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்

லீஸ்பெத் வந்தது ஜூன் மாதத்து ஒரு வியாழக்கிழமை மதியம். முதுகில் பெரிய மூட்டை, வயிற்றுப் பக்கம் ஒரு சின்னப் பை என்று முன்னும் பின்னும் சுமந்துகொண்டு மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். பத்தொன்பது வருடமாக ஸ்லோவேனியாவின் லுப்லியானாவில் இந்த விடுதியை நடத்துகிறேன். நான்கு அறைகள், இருபத்தாறு படுக்கைகள், எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றான அடுக்குக் கட்டில்கள். ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை என்பதால் பை சுமந்து ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் எங்களிடம்தான் முதலில் வருவார்கள்.

"தனியாவா வந்திருக்கே?" என்று கேட்டேன்.

"ஆமா. வில்னியஸ், க்ராகோவ், வியன்னா எல்லாம் தனியாத்தான் சுத்தினேன். இன்னும் மூணு வாரம் இருக்கு."

"கீழ்க்கட்டில் வேணுமா, மேல்கட்டிலா?"

"எது குடுத்தாலும் சரி. என்னால உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது."

எஸ்தோனியாவில் வில்யாந்தி என்ற ஊர் அவளுக்கு. இருபத்தேழு வயது, பல் மருத்துவரிடம் உதவியாளர் வேலை. ஐந்து பேர் தங்கியிருந்த மூன்றாம் அறையில் ஒரு மேல்கட்டிலைக் கொடுத்தேன். அவளுக்குக் கீழே அயர்லாந்தின் லிமெரிக்கில் பஸ் ஓட்டும் ஃபெர்கல். எதிர்க்கட்டிலில் கிராசா, போர்ச்சுகல் தபால் நிலையம் ஒன்றில் வேலை பார்ப்பவள்.

மறுநாள் அம்ரா படுக்கை விரிப்புகளை மாற்ற மூன்றாம் அறைக்குப் போனாள். அம்ரா பொஸ்னியாக்காரி, என்னிடம் ஆறு வருடமாக இருக்கிறாள். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். தலைவலி என்று படுத்திருந்த லீஸ்பெத் எழுந்து விரிப்பின் மறுமுனையைப் பிடித்து உதவியிருக்கிறாள். இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போதே குழந்தை உதைத்திருக்கிறது. அம்ரா அவள் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக் காட்டினாளாம்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு லீஸ்பெத் சமையலறை வாசலில் வந்து நின்றாள். கழுத்தெல்லாம் சிவப்புப் புள்ளிகள்.

"மன்னிச்சுக்கங்க ஸ்தென்கா. கட்டில்ல மூட்டைப்பூச்சி இருக்கு போல."

விடுதி நடத்துகிறவளிடம் சொல்லக் கூடாத சொல் அது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என் வீட்லயா? பத்தொன்பது வருஷத்துல ஒரு பூச்சி கிடையாது இங்க!" என்று விளக்கை எடுத்துக்கொண்டு மேலே ஓடினேன். மெத்தையைப் புரட்டி, தையல் தையலாகப் பார்த்தேன். எதுவும் இல்லை. தூக்கம் கலைந்த ஃபெர்கல் கட்டிலுக்கு வெளியே தலையை நீட்டி, "எதைத் தேடுறீங்க? என் காலுறையா இருந்தா சொல்லிடுங்க, நானே ரெண்டு நாளாத் தேடிக்கிட்டிருக்கேன்" என்றான்.

கிராசாதான் லீஸ்பெத்தின் சட்டையைப் பின்னால் லேசாகத் தூக்கிப் பார்த்தாள். முதுகு முழுக்க நீர்கோத்த கொப்புளங்கள்.

"இது பூச்சிக்கடி இல்ல. சின்னம்மை. என் அக்கா பசங்க மூணு பேருக்கும் போன வருஷம் இப்படித்தான் போட்டுச்சு."

எனக்குச் சின்ன வயதிலேயே வந்துபோனதுதான். உடனே சுகாதார நிலையத்துக்கு நடத்திக் கூட்டிப்போனேன். மருத்துவர் பார்த்ததும் தலையாட்டிவிட்டார். பெரியவர்களுக்கு வந்தால் கொஞ்சம் கடுமையாக இருக்கும், மாத்திரை தருகிறேன், மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு இல்லை, கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குக் கட்டும்வரை தனியாக இருக்க வேண்டும், பஸ்ஸிலோ ரயிலிலோ ஏறக் கூடாது என்றார். "வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். என்னை அவளுடைய அம்மா என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். திரும்பி வரும் வழி முழுக்க, இவளை எங்கே கொண்டுபோய் விடலாம் என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன். இருபத்தாறு படுக்கையும் நிறையத் தொடங்கும் பருவம். விஷயம் வெளியே தெரிந்தால் யார் வருவார்கள்? அவளோ என்னிடமிருந்து நாலடி தள்ளி நடந்தபடி, "மன்னிச்சுக்கங்க, மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். விடுதி வாசலை அடைந்தபோது அவளுக்கு நிற்கக்கூடத் தெம்பில்லை. மாடியில் விரிப்புகள் அடுக்கும் அறைக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு சின்ன அறை உண்டு, மதியம் சாய்ந்துகொள்வதற்கு. அங்கே கழிப்பறையும் தனி. வேறு வழி தோன்றாமல் அதில் படுக்க வைத்துவிட்டுக் கீழே வந்தேன்.

சனிக்கிழமைகளில் பத்து மணிவரை காலை உணவு உண்டு. அவளைத் தவிர அன்று விடுதியில் இருந்த பதினைந்து பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கரண்டியால் பானையைத் தட்டினேன்.

"எல்லாரும் கேளுங்க. மேல ஒரு பொண்ணுக்குச் சின்னம்மை. உங்கள்ல யாருக்கெல்லாம் ஏற்கெனவே வந்திருக்கு? கை தூக்குங்க."

ஆறு கைகள் உயர்ந்தன. மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தெரியலன்னா அம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒன்பது பேர் ஒரே சமயத்தில் கைப்பேசியை எடுத்தார்கள். ஜன்னலோரம், மாடிப்படி, குளிர்பெட்டிக்குப் பின்னால் என்று ஆளுக்கொரு மூலையில் நின்று அவரவர் மொழியில் அம்மாவைக் கூப்பிட்டார்கள். அவர்களில் பலர் வாரக்கணக்கில் வீட்டோடு பேசாதவர்கள். ஃபெர்கலுடைய அம்மாவின் குரல் மேசைவரைக்கும் கேட்டது.

"என்னடா ஆச்சு? எங்கடா இருக்கே? ஜெயில்லயா?"

"இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன். எனக்குச் சின்ன வயசுல அம்மை வந்துச்சா?"

"உனக்கு வராம? உன் மாமா கல்யாணத்தன்னிக்குத்தான் வந்துச்சு. அந்தப் போட்டோல பாரு, திராட்சை பன்னு மாதிரி நிப்பே. சாப்பிட்டியா?"

கடைசியில் பதின்மூன்று பேருக்கு வந்திருந்தது. வராத இருவர், டென்மார்க்கிலிருந்து வந்த தம்பதி, அன்றே வேறு இடம் பார்த்துக்கொண்டு மரியாதையாகக் கிளம்பினார்கள். போகும்போது ஒரு பை நிறைய ஆரஞ்சை மேசையில் வைத்துவிட்டு, "மேல இருக்கிற பொண்ணுக்கு" என்றார்கள்.

லீஸ்பெத்தும் தன் அம்மாவைக் கூப்பிட வேண்டியதாயிற்று. தோழியோடு போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பி வந்தவள் அவள். தோழி கடைசி நேரத்தில் வரவில்லை, இவள் அதை வீட்டில் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள்.

"உங்ககிட்ட பேசணுமாம்."

"சின்ன வயசுல அவளுக்கு அம்மை வரலீங்க," என்றார் அந்த அம்மா அழுதுகொண்டே. "அவ தம்பிக்கு வந்தப்ப இவளை அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டேன். நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன். நான் கிளம்பி வரட்டுமா?"

"வேண்டாம்மா. இங்க பதிமூணு பேர் இருக்காங்க பாத்துக்க," என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே எனக்கு உறைத்தது. அதற்கு மேல் அவளை வெளியே அனுப்ப முடியாது.

ஊர் சுற்றிப் பார்க்கப் பெயர் எழுதும் வெள்ளைப் பலகையை ஃபெர்கல் துடைத்தான். பஸ் கால அட்டவணை மாதிரி கோடு போட்டு, காலைக் கஞ்சி யார், மருந்துக் கடை யார், நெற்றியில் ஈரத்துணி யார் என்று எழுதினான். அவன் அன்று இத்தாலியின் கடற்கரை ஊரான திரியெஸ்தேவுக்குப் போக வேண்டியவன். கேட்டதற்கு, "கடல் எங்கயும் போயிடாது" என்று சொல்லிவிட்டான். கிராசா லீஸ்பெத்தின் நகங்களை ஒட்ட வெட்டி, சொறியாமல் இருக்க இரண்டு கைக்கும் காலுறை மாட்டிவிட்டாள்.

அம்ராவிடம் சொல்வதுதான் மிச்சம் இருந்தது. கர்ப்பிணிக்கு அம்மை வந்தால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் ஆபத்து. தொலைபேசியில் சொன்னேன்.

"நேத்து நான்தானே அவ கையை எடுத்து வயித்துல வெச்சேன், ஸ்தென்கா."

"உனக்குச் சின்ன வயசுல வந்திருக்கா?"

"அம்மாகிட்ட கேக்கறேன்."

அரை மணி கழித்து அழைத்தாள். பொஸ்னியாவில், செனித்சா என்ற ஊரில் இருக்கும் அவளுடைய அம்மாவுக்கு நினைவில்லை. "அது யுத்தம் நடந்த வருஷம்டி. எதைன்னு ஞாபகம் வெச்சுக்கிறது? உசிரோட இருந்தீங்க, அதுதான் தெரியும்" என்றாராம். அம்ரா மருத்துவமனைக்குப் போய்ப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தாள். முடிவு திங்கட்கிழமை என்றார்கள்.

லீஸ்பெத்திடம் இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவளே கேட்டாள்: "அம்ராவுக்கு ஒண்ணும் ஆகாதே?" பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

ஞாயிறு காலை நான் சூப்புக்கு எலும்பை அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தேன். படியில் ஃபெர்கலின் குரல் உரக்கக் கேட்டது.

"எங்க போறே?"

எட்டிப் பார்த்தேன். லீஸ்பெத் இரண்டு பைகளையும் மாட்டிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நின்றாள். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. முகத்தில் விரல் வைக்க இடமில்லாமல் கொப்புளங்கள்.

"போறேன். எங்கயாவது. நான் வந்ததாலதான் எல்லாருக்கும் கஷ்டம். அந்தக் குழந்தைக்கு எதாவது ஆச்சுன்னா..."

"பதினாலு வருஷமா பஸ் ஓட்டறேன். குடிச்சுட்டு ஏறினவனைப் பாத்திருக்கேன், ஆட்டோட ஏறினவனைப் பாத்திருக்கேன். இந்த மூஞ்சியோட ஏறினா எந்த டிரைவரும் வண்டியை எடுக்க மாட்டான். திரும்பு."

"நீ உன் கடலைப் பாக்கப் போயிருக்கணும், ஃபெர்கல்."

"உன் மூஞ்சியே இப்ப போதுமான காட்சியா இருக்கு. பையைக் குடு."

அவள் சிரித்தாள், சிரித்தபடியே படியில் உட்கார்ந்து அழுதாள். அவன் இரண்டு பைகளையும் தன் தோளில் போட்டுக்கொண்டு, அவள் எழுந்துகொள்ளும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். எந்த மருந்து எந்த நேரம் என்றோ, எல்லாம் சரியாகிவிடும் என்றோ அவன் எதுவும் சொல்லவில்லை. லிமெரிக்கில் தன் பஸ் நிற்கும் நிறுத்தங்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னான். எட்டாவது நிறுத்தத்தில் அவள் எழுந்தாள்.

திங்கட்கிழமை ஒருவரும் ஊர் சுற்றப் போகவில்லை. கோட்டை, ஆறு, பாலங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சமையலறையிலேயே கிடந்தார்கள். பட்டாணி உரித்தார்கள், சீட்டு ஆடினார்கள், என் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டு மணிக்கு அது அடித்தது.

"வந்திருக்கு ஸ்தென்கா! எனக்கு அம்மை ஏற்கெனவே வந்திருக்கு! இரத்தத்துல எதிர்ப்புச் சக்தி இருக்காம். குழந்தைக்குப் பயமே இல்லையாம். அம்மாகிட்ட சொன்னேன், 'அப்படியா, அப்ப அந்தக் குளிர்காலத்துலதான் வந்திருக்கும்'னு சாவகாசமாச் சொல்றாங்க!"

நான் வாயைத் திறப்பதற்கு முன்பே என் முகத்தைப் பார்த்துக் கத்திவிட்டார்கள். கிராசா மாடிப்படி ஏறி ஓடினாள். மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது, பிறகு லீஸ்பெத்தின் அழுகை. அன்றிரவு முதல்முறையாக அவள் ஒரு கிண்ணம் சூப்பை முழுதாகக் குடித்தாள்.

அதற்குப் பிறகு காய்ச்சல் மெல்ல இறங்கியது. மறுநாள் கிராசாவுக்கு விமானம். வியாழக்கிழமை ஃபெர்கல் கிளம்பினான். போகும்போது கதவைத் தட்டி, "அழகி, வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். புதிதாக வந்தவர்களிடம் நானே கேட்டேன், அவர்களும் அம்மாவைக் கூப்பிட்டார்கள், பலகையில் பெயர் எழுதினார்கள்.

அடுத்த ஞாயிறு மருத்துவர் பார்த்து, எல்லாம் பொருக்குத் தட்டிவிட்டது, இனி பயமில்லை என்றார். லீஸ்பெத் தலைக்குக் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு காலை உணவுக்கு இறங்கி வந்தாள். மேசையைச் சுற்றி அந்தப் பதின்மூன்று பேரில் ஒருவர்கூட இல்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.

"எல்லாரும் போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க."

"தலையணைக்குப் பக்கத்துல தினமும் யாரோ ஒரு பூ வெச்சாங்க. யாருன்னு கேக்கவே இல்ல. நான் யாருக்கு நன்றி சொல்றது ஸ்தென்கா?"

எனக்குத் தெரிந்தது விடுதி வேலைதான். "அம்ராவுக்குக் கால் வீங்கியிருக்கு. ஒரு வாரம் ஓய்வுல இருன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. மேல பதினோரு கட்டிலுக்கு விரிப்பு மாத்தணும்" என்றேன்.

அவள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மேலே போனாள். அந்த வாரம் முழுவதும் இருபத்தாறு கட்டிலையும் அவள்தான் விரித்தாள். விரிப்பின் மூலைகளைப் பல் மருத்துவமனைச் சுத்தத்தோடு மடித்தாள். யாராவது தும்மினால் தேநீர் போட்டுக் கொடுத்தாள். அம்ரா சனிக்கிழமை கீரையும் சீஸும் வைத்துச் சுருட்டிய பெரிய பீட்டா ஒன்றைத் தட்டோடு கொண்டுவந்தாள். அவளைக் கண்டதும் லீஸ்பெத் தடுமாறி, "மன்னிச்சுக்க அம்ரா" என்று ஆரம்பித்தாள்.

"வாயை மூடிட்டுச் சாப்பிடு," என்றாள் அம்ரா. "உன்னாலதான் எங்கம்மா என் சின்ன வயசைப் பத்தி ரெண்டு மணி நேரம் பேசினாங்க. அந்த வருஷங்களைப் பத்தி அவங்க வாயே திறந்ததில்ல."

திங்கட்கிழமை லீஸ்பெத் ஸாக்ரெப் பஸ்ஸில் ஏறினாள். மீதமிருந்த நாட்களில் ஒரு ஊரை மட்டுமாவது பார்க்க வேண்டும் என்றாள். தனியாகத்தான் போனாள்.

அக்டோபரில் அம்ராவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. லீஸ்பெத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் போட்ட கூச்சலில் நாற்காலியில் வாயைத் திறந்தபடி இருந்த நோயாளி பயந்துவிட்டாராம். பிறகு கிராசாவுக்கு எழுதினேன், ஃபெர்கலுக்கு எழுதினேன். விருந்தாளிப் பதிவேட்டைப் புரட்டி, அந்த வாரம் இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து எல்லோருக்கும் எழுதினேன். அன்றைய மதியம் முழுவதும் எனக்கு அந்த வேலைதான்.