திக்கித் திக்கி ஓடிய கார்

தன் மனைவி சஃபியா கம்ப்யூட்டர் கட்டப்போகிறாள் என்று சாதிக் வந்து சொன்னபோது அவன் அம்மா அக்தர் பேகம் நம்பவில்லை. கம்ப்யூட்டரைக் கடையில் வாங்குவார்கள், வீட்டைத்தான் கட்டுவார்கள் என்பது அவள் எண்ணம். ஆனால் ரம்ஜான் முடிந்த கையோடு சென்னையிலிருந்து அதன் பாகங்கள் அடங்கிய அட்டைப்பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக பழவேற்காட்டுக்கு வந்து இறங்கின. சஃபியா ஒரு நாள் லீவு போட்டு, கூடத்தில் பழைய பெட்ஷீட்டை விரித்து, ஸ்க்ரூடிரைவரும் கையுமாக உட்கார்ந்தாள். பெட்ஷீட்டை யாரும் மிதிக்கக் கூடாது என்று உத்தரவு. மதியச் சாப்பாட்டுக்கு மாமியாரும் புருஷனும் சுவரோடு ஒட்டி நடந்துதான் சமையலறைக்குப் போனார்கள்.

சாயங்காலம் அவள் பொத்தானை அழுத்தியதும், ஒரு பக்கம் கண்ணாடி போட்ட அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் நீலமும் ஊதாவுமாக விளக்குகள் சுழன்றன.

"மீன் தொட்டியாட்டம் இருக்குதே" என்றாள் அக்தர் பேகம். "மீன் மட்டும் தனியா வாங்கணுமா?"

மறுநாளிலிருந்து தெருப்பெண்கள் பார்க்க வந்தார்கள். "என் மருமவ கையால பூட்டினது" என்று அக்தர் பேகம்தான் எல்லோருக்கும் சொன்னாள். விளக்கு எரிகிற பொத்தானையும் அவளேதான் அழுத்திக் காட்டினாள்.

சஃபியாவுக்குக் காட்டுப்பள்ளி போகிற சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை. எந்த லாரி எப்போது உள்ளே வரலாம், எந்தப் பெட்டியை எங்கே இறக்கலாம் என்று திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். போன வருஷம் லாரிகள் சாலை வரைக்கும் வரிசை கட்டி நின்றன. கிரேன் போதவில்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கிரேன் பாதி நேரம் சும்மாதான் நிற்கிறது, லாரிகள் மாட்டிக்கொள்வது வாசலில் பெட்டிகளின் சீல் பார்க்கிற ஒற்றை மேசையில் என்று கண்டுபிடித்தவள் சஃபியா. மேனேஜர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். வீட்டில் அவள் அதை ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் சாவியைத் தேடினாலும் சரி, செருப்பைத் தேடினாலும் சரி, "ஊர் லாரிக்கெல்லாம் வழி சொல்றவ" என்று ஆரம்பித்துவிடுவான் சாதிக்.

யார்டில் பக்கத்து நாற்காலி காவியாவுடையது. பக்கத்து ஊரான தோணிரேவுப் பெண், சஃபியாவைவிடச் சின்னவள். இரண்டு பேருக்கும் கார் ரேஸ் விளையாட்டென்றால் பைத்தியம். காவியாவிடம் இருந்தது காலேஜில் படிக்கும்போது வாங்கிய லேப்டாப். ஒரு பக்கம் கீல் உடைந்து டேப் ஒட்டியிருந்தது. அதை வைத்துக்கொண்டே அவள் ஜெயிப்பாள். சஃபியா வீட்டிலிருந்த அரதப்பழசான கம்ப்யூட்டரில் விளையாடித் தோற்பாள். தோற்கும்போதெல்லாம் "மெஷின் சரியில்லடீ" என்பாள். புது மெஷின் வீட்டுக்கு வந்த கதை இவ்வளவுதான்.

முதல் ரேஸ் தொடங்கியது. நேர் சாலையில் கார் திக்கித் திக்கிப் போனது. முதல் வளைவில் திரை அப்படியே உறைந்துபோனது. மறுபடி அசைந்தபோது சஃபியாவின் கார் சக்கரங்களை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கடலில் கிடந்தது.

"இன்னாக்கா, கடலுக்குப் போய்ட்ட?" என்று ஹெட்ஃபோனில் காவியாவின் குரல் கேட்டது. "வலை எடுத்துக்கினு போனியா?"

சாதிக் நண்டு வியாபாரி. முற்றத்தில் உட்கார்ந்து, சென்னைக்கு அனுப்ப வேண்டிய நண்டுகளின் கொடுக்குகளை நூலால் கட்டிக்கொண்டிருந்தவன், தலையைத் தூக்காமல் கேட்டான்: "டீசல் போட்டியா?"

சஃபியா முதலில் கரண்ட் மேல் பழி போட்டாள். வோல்டேஜ் சரியாகத்தான் இருந்தது. பிறகு நெட்டைத் திட்டினாள். நெட்டே இல்லாமல் தனியாக ஓட்டிப் பார்த்தாலும் கார் திக்கியது. விளையாட்டை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். அதற்கு ஒரு ராத்திரியும் பாதிப் பகலும் பிடித்தன. கார் பழையபடியே கடலுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை யார்டு ஆட்கள் எல்லோரும் சேர்ந்து ஆடுவதாகப் பேச்சு. "என் லேப்டாப் வேணும்னா தரட்டுமா?" என்று காவியா கேட்டபோது அதில் கிண்டல் பாதி, கரிசனம் பாதி. அந்தக் கரிசனம்தான் சஃபியாவுக்கு அதிகமாகச் சுருக்கென்றது.

செவ்வாய்க்கிழமை, உள்சூட்டைக் காட்டுகிற ஒரு மென்பொருளை ஏற்றிப் பார்த்தாள். கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸர் கொதிக்கிற தண்ணீருக்குக் கொஞ்சம் குறைவாகக் காய்ந்துகொண்டிருந்தது. அவ்வளவு சூடானால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏன் காய்கிறது என்று தேட வேண்டியதே இல்லை. கண்ணெதிரே இருந்தது காரணம். ஆனால் அதை எப்படிச் சொல்வது?

அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் உறை உண்டு. ஃப்ரிட்ஜுக்கு, மிக்சிக்கு, வாஷிங் மெஷினுக்கு. உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்பதால் அக்தர் பேகம் எதையும் வெறும் உடம்போடு விடமாட்டாள். கம்ப்யூட்டர் வந்ததும் மெரூன் வெல்வெட்டில், ஓரத்தில் ஜரிகை வைத்து, விளக்கு தெரியட்டும் என்று கண்ணாடிப் பக்கம் ஜன்னல் மாதிரி வெட்டி, அழகாக ஓர் உறை தைத்து மாட்டியிருந்தாள். காற்று போய்வரும் துளைகள் மட்டும் மேலேயும் முன்னாலேயும் வெல்வெட்டுக்குள் மாட்டிக்கொண்டன. விளையாடும்போது கழற்றினால், "உப்புக்காத்து நீ விளையாடி முடிக்கற வரைக்கும் வெளியிலயா நிக்கும்?" என்று கேட்டு மறுபடி மாட்டிவிடுவாள். அவ்வளவு ஆசையாகத் தைத்ததை வேண்டாமென்று சொல்ல சஃபியாவுக்கு வாய் வரவில்லை.

எப்படிப் பக்குவமாகச் சொல்லலாம் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்துப் பார்த்தாள். கடைசியில் வேலைக் களைப்பில் வாய் தவறி, உள்ளது உள்ளபடி வந்துவிட்டது.

"மாமி, இந்த உறையாலதான் கம்ப்யூட்டர் ஓட மாட்டேங்குது."

அக்தர் பேகம் உறையைக் கழற்றி, நான்காக மடித்து, பீரோவில் வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் பார்க்க வந்த பெண் விளக்கைக் காட்டச் சொன்னபோது, "எனக்கு இன்னாம்மா தெரியும் அதைப் பத்தி? நான் கை வெச்சா கெட்டுப்போயிடும்" என்றாள். அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்த சஃபியாவின் காதில் அது விழுந்தது. ஹேண்ட்பேகை மாட்டுகிற ஆணியை அவள் இரண்டு தடவை தவறவிட்டாள்.

சூடு இறங்கியது உண்மை. கார் கொஞ்சம் தேறியதும் உண்மை. முதல் வளைவில் உறைந்தது இப்போது மூன்றாம் வளைவில் உறைந்தது. கடல் மட்டும் மாறவில்லை.

"உறைக்கு ஜெயில் கொடுத்தாச்சு" என்றான் சாதிக். "இப்ப யார் மேல கேஸு?"

சனிக்கிழமை மதியம் காவியா தன் டேப் ஒட்டிய லேப்டாப்போடு தோணிரேவிலிருந்து நேரில் வந்துவிட்டாள். பெட்டியைச் சுற்றிவந்து பார்த்தாள். "செம அழகுக்கா. சத்தமே வரல பாரு."

"நல்ல கிராஃபிக்ஸ் கார்டுடீ. அதான் சத்தம் வராது" என்றாள் சஃபியா, விட்டுக்கொடுக்காமல்.

இந்த முறை எதன் மேலும் பழி போடாமல், கார் ஓடும்போது உள்ளே எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுகிற பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். ப்ராசஸர் மூச்சு முட்ட வேலை செய்தது. மெமரி பாதி நிரம்பியிருந்தது. கிராஃபிக்ஸ் கார்டு, அதாவது படத்தை வரைந்து தள்ளுவதற்கென்றே வாங்கிய, பெட்டியிலேயே விலை கூடிய சாமான், பூஜ்யம் காட்டியது. சஃபியா கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். அப்போதும் பூஜ்யம். கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்தால், கார்டின் விளக்கு ஜோராக எரிகிறது, விசிறிகள் இரண்டும் அசையாமல் நிற்கின்றன.

"அக்கா, இது வேலைக்கே வரல" என்றாள் காவியா. "லீவுல கீது."

யார்டில் சும்மா நின்ற கிரேன் சஃபியாவின் நினைவுக்கு வந்தது. கார்டு வரைய மாட்டேன் என்றா சொன்னது? அதனிடம் வேலை போகவே இல்லை. அவள் மானிட்டரின் பின்னால் கையை விட்டு வயரைப் பிடித்துக்கொண்டே போனாள். வயர் மேசைக்குப் பின்னால் இறங்கி, வளைந்து, பெட்டியின் முதுகுக்கு வந்து, மேலே இருந்த ஓட்டையில் போய் நின்றது. அது ப்ராசஸர் உட்கார்ந்திருக்கும் மதர்போர்டின் ஓட்டை. கார்டின் ஓட்டை ஒரு ஜாண் கீழே, தூசித் தடுப்பு மூடிகூடக் கழற்றாமல், புதுசாக இருந்தது. இத்தனை நாளும் ப்ராசஸர் தன்னிடமிருந்த சின்னத் திறமையை வைத்து ஒற்றை ஆளாகப் படம் வரைந்துகொண்டிருந்திருக்கிறது.

காவியா கொஞ்ச நேரம் மரியாதைக்காகப் பொறுத்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நண்டுக் கையோடு சாதிக் வந்து எட்டிப் பார்த்தான். விஷயத்தைக் கேட்டதும், "ஊர் லாரிக்கெல்லாம்..." என்று ஆரம்பித்தவன், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டான்.

வயரை மாற்றிச் செருகினாள். விசிறிகள் சுழன்றன. கார் ஈரத்தரையில் சோப்புக்கட்டி போல வழுக்கிக்கொண்டு ஓடியது. காவியா கை தட்டினாள். ஆனால் சஃபியா பாதி ரேஸில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

அக்தர் பேகம் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். சஃபியாவும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிடி எடுத்துக்கொண்டாள்.

"மாமி, அது உறை இல்ல. நான்தான் ஒரு வயரைத் தப்பான ஓட்டைல சொருவியிருந்தேன்."

மாமியாரின் கை நின்றது. "அப்ப உறை மேல தப்பே இல்ல?"

பொய் சொல்லிவிடலாம்தான். "கொஞ்சம் இருக்கு மாமி. சூடு ஏறினது அதாலதான்."

"கொஞ்சம்னா எவ்ளோ?"

"பாதி..."

"பாதியா?"

"கால்வாசி."

"மிச்சம் முக்கால்?"

"என்னுது."

அக்தர் பேகம் அந்தக் கணக்கை ஒப்புக்கொண்டாள். உரித்த இறாலைச் சட்டியில் போட்டுவிட்டு, "அணைச்சு வெச்சப்பறம் மாட்டலாம் இல்ல?" என்று கேட்டாள்.

"சூடு ஆறினதும் மாட்டலாம் மாமி. நானே மாட்டறேன்."

அன்று சாயங்காலமே அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு விளக்கைப் போட்டுக் காட்டினாள் அக்தர் பேகம். கூடவே, வயர் ஓட்டை மாறிய கதையை முதலிலிருந்து கடைசி வரை, சஃபியா முழித்த முழியோடு சேர்த்துச் சொன்னாள். உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்த சஃபியா அதைக் கேட்டுக்கொண்டே வாசல்வரை வந்து, அந்தப் பெண்ணுக்கு டீ கொடுத்துவிட்டுப் போனாள்.

ஞாயிறு மாலை யார்டு ஆட்கள் ஆறு பேர் ஆடினார்கள். சஃபியாவின் கார் ஒரு வளைவில்கூடத் திக்கவில்லை. கடைசிச் சுற்றில் காவியா அவளை உரசிக்கொண்டு முந்திப் போய் முதலாவதாக வந்தாள். சஃபியா மூன்றாவது.

"இன்னாக்கா, இன்னிக்கு மெஷினா, கரண்டா?" என்று ஹெட்ஃபோனில் காவியா கேட்டாள்.

சஃபியா சூட்டைப் பார்த்தாள், சரியாக இருந்தது. கார்டு வியர்க்க வியர்க்க வேலை செய்திருந்தது. கரண்டும் நெட்டும் அன்றைக்கென்று பார்த்து ஒழுங்காக இருந்தன.

"ஒண்ணும் இல்லடீ. நீ நல்லா ஓட்டின" என்றாள். அந்த வார்த்தையைச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. ஆனால் சொன்ன பிறகு அவ்வளவு ஒன்றும் கசக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இன்னொரு ரேஸ் போடு."