பலகைக்காரனின் பல்

பெருமாட்டி ஊரின் சேற்று வயலில் காளைகள் பாய, பின்னால் கட்டிய பலகைமேல் நின்று பதினொரு வருடம் பந்தயம் ஜெயித்துப் பிழைத்தவன் நாச்சிமுத்து. கடைசி வரப்பு நெருங்கியதும் குனிந்து காளையின் வாலைக் கடிப்பான், காளை பறக்கும். போன பந்தயத்தில் ஒரு குளம்படி அவன் முன்பல் நான்கையும் கொண்டுபோய்விட்டது.

காளைகளுக்குச் சொந்தக்காரர் அப்புசாமி பண்ணாடி, ஊரே பார்க்க, சந்தை மாட்டைப் பார்ப்பதுபோல் அவன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"பல்லுப் போன மாட்டை எங்கடா அனுப்புவாங்க?"

"அடிமாட்டுக்குங்க!" என்றான் கிட்டான், அந்தப் பலகைக்காகக் காத்திருந்த இளந்தாரி. கூட்டம் கெக்கலித்தது.

"ஒரே ஓட்டம் உடுங்க, பண்ணாடி. தோத்தா நானே போயர்றனுங்க" என்றான் நாச்சிமுத்து.

ஓட்டினான். ஜெயித்தான். அந்தக் காளைகள் அதுவரை அவ்வளவு வேகமாக ஓடியதே இல்லை. வாலில் ரத்தத்தைக் கண்ட பண்ணாடி, அவன் கைவிரல்களைப் பிரித்தார். உள்ளே ஒரு லாட ஆணி. அடி விழப்போகிறது என்று நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டான்.

பண்ணாடி சிரித்தார்.

"அடப்பாவி, இத்தனை வருசம் உன்ற பல்லுக்கா சோறு போட்டேன்?"

ஆணியைத் துடைத்துக் கிட்டானிடம் நீட்டினார்.

"ஏறுடா பலகைல."

நாச்சிமுத்து இன்னும் பலகையைவிட்டு இறங்கியிருக்கவில்லை.