அசையாத காட்சி

துக்கத்துக்கு வைக்கும் வெள்ளை ரிப்பன் கிளிப்பைப் போராவின் முடியில் செருகிய மாமியார், அது சாய்ந்திருக்கிறதென்று பிடுங்கினாள். பல்லால் கிளிப்பை விரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏதாவது சொன்னானா?"

"இல்ல அத்தை."

"அம்மான்னு கூப்பிடலயா? உன் பேரையாவது?"

"படகு இஞ்சின் சத்தம் அத்தை. எனக்குக் கேக்கல."

இதே கேள்வியை நேற்று ஆஸ்பத்திரி வாசலில் கேட்டாள். இன்று காலை முகம் கழுவும்போது கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். போரா ஒரே பதிலைத்தான் சொன்னாள். அது பொய்யும் இல்லை. இஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. போரா படகின் முன்பக்கம் நின்றிருந்தாள். அவள் கணவன் கிஹோ முதுகுக்குப் பின்னால், கயிறு குவித்திருந்த இடத்தில் நின்றிருந்தான். அவள் திரும்பியபோது அவன் அந்தக் கயிற்றுக் குவியலின் மேல் சாய்ந்து கிடந்தான், தூங்குகிறவனைப் போல. அப்படி எவ்வளவு நேரம் கிடந்தான் என்பதை யாரும் இன்னும் கேட்கவில்லை.

போரா அதற்கு ஒரு பதிலைத் தனக்குள் தயார் செய்து வைத்திருந்தாள். காட்சி முடியும்வரை ட்ரோனைப் பிடித்துக்கொண்டிருந்தான், முடிந்த பிறகுதான் விழுந்தான். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நேற்றிலிருந்து நடந்தாள், கையெழுத்துப் போட்டாள், கறுப்பு உடையின் நாடாவைக் கட்டினாள். காலில் மட்டும் படகில் போட்டிருந்த கம்பளிக் காலுறை இன்னும் இருந்தது. ஒன்று ஈரம். கழற்ற வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதோடு சரி.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பையை மாமியார் மடியில் வைத்துக் கிளறினாள். கிஹோவின் கையுறைகளை வெளியே எடுத்தாள்.

"நல்ல கையுறைய எதுக்கு இப்படி வெட்டி வெச்சிருக்க? கட்டைவிரல் ரெண்டும் வெளிய நீட்டிக்கிட்டு."

"விரல் தோல் ரிமோட் குச்சியில படணும் அத்தை. இல்லன்னா அவரால ஓட்ட முடியாது. ஒவ்வொரு குளிருக்கும் நான்தான் வெட்டிக் குடுப்பேன்."

"அவனுக்குச் சின்னதுலருந்தே விரல் வெறைச்சுப் போகும்" என்றாள் மாமியார். பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் பெரிய அண்டாக்களைக் கிளறிய கை, கையுறையின் ஓட்டைக்குள் தன் கட்டைவிரலை நுழைத்துப் பார்த்தது. "தொழில் பண்றானாம் தொழில். காத்தாடி விடுற தொழில்."

மோக்போ துறைமுகத்து ஆஸ்பத்திரியில் துக்கம் விசாரிக்கும் அறைகளெல்லாம் கீழ்த்தளத்தில்தான். பக்கத்து அறையில் வேறொருவரின் படம், அதே வெள்ளைச் சாமந்தி, அதே காரமான மாட்டுக்கறி சூப்பின் வாசனை. கிஹோவின் படம் ட்ரோன் ஓட்டும் உரிமத்துக்காக எடுத்தது. கழுத்தில் டை உறுத்துகிற முகம். தேடித் தேடி அது ஒன்றுதான் கிடைத்தது. ஊரையெல்லாம் மேலிருந்து படம் பிடித்தவனை யாரும் நேராக நிறுத்திப் படம் எடுத்திருக்கவில்லை.

மான்சுவும் இன்னும் சில ட்ரோன்காரர்களும் படத்துக்கு முன் விழுந்து வணங்கிவிட்டு, பிளாஸ்டிக் தாள் விரித்த தாழ்ந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் முகத்திலும் துணி மூடாத மூக்குக்கு மேலே மட்டும் வெயிலில் கறுத்த நிறம். மான்சு கிஹோவோடு ஒன்றாகத் தொழில் தொடங்கியவன்.

"இவங்க கல்யாணத்துல என்ன நடந்துச்சு தெரியுமா?" என்றான் பக்கத்திலிருந்தவரிடம். "மாப்பிள்ளையக் காணோம். மண்டபம் பூரா தேடுறாங்க. அவன் கோட்டு சூட்டோட வெளிய நின்னு ட்ரோன் ஓட்டிக்கிட்டிருக்கான். கூலிக்கு வெச்சவன் கோணல்மாணலா எடுக்கிறானாம்."

"அந்தக் கூலிக்கு வெச்சவன் நீதானே?" என்றார் இன்னொருவர்.

"நான்தான். அதுக்கென்ன?"

சிரித்தார்கள். சிரித்ததும் போராவைப் பார்த்தார்கள். அவளும் சிரித்திருந்தாள். முகம் எப்படியோ தானாகச் சிரித்துவிட்டது. பிறகு எதைச் செய்வது என்று அதற்குத் தெரியவில்லை. மான்சு ஒரு மாண்டரின் ஆரஞ்சை உரித்து அவள் முன் வைத்தான்.

கிசோக் உள்ளே வந்தான். கிஹோவின் தம்பி. ஒரு கையில் ஒயர், இன்னொரு கையில் போராவின் ரிமோட்.

"அண்ணி, கிடைச்சிருச்சு. நேத்து எடுத்தது இதுல இருக்கு."

அவர்களுடையது இரண்டு பேர் வேலை. பறப்பதைக் கிஹோ பார்த்துக்கொள்வான், கேமராவைத் திருப்புவது போரா. ஆளுக்கொரு ரிமோட், ஒவ்வொன்றிலும் ஒரு திரை. ட்ரோன் போய்விட்டது. மின்சாரம் தீரப் போனால் கிளம்பிய இடத்துக்குத் தானே திரும்பி இறங்குகிற இயந்திரம் அது. கிளம்பிய இடம் ஒரு படகு. படகுக்காரர் கிஹோவைப் போட்டுக்கொண்டு கரைக்கு விரட்டிக்கொண்டிருந்தபோது, அது சொன்ன இடத்துக்குச் சரியாகத் திரும்பி வந்து தண்ணீரில் இறங்கியிருக்கும். நல்ல படம் அதோடு போயிற்று. அவள் திரையில் ஓடியதன் மங்கலான நகல் மட்டும் ரிமோட்டில் தங்கியிருந்தது.

"அண்ணனோட கடைசி வேலை" என்றான் கிசோக். "வர்றவங்க பாக்கட்டும்."

படத்துக்குப் பக்கத்திலிருந்த டிவியில் மாட்டினான்.

முதலில் படகின் தளம். கிஹோவின் தொப்பி, ஒரு நொடி அண்ணாந்த முகம். பிறகு அவன் சிறிதாகி, படகு சிறிதாகி, கடல் விரிந்தது. கடற்பாசி வளர்க்கும் பாத்திகள், நீலத்தில் வரிவரியாகக் கறுப்பு. தை மாத வெயில் சாய்வாக அவற்றின் மேல் கிடந்தது. சூப் கிண்ணங்களை எடுத்துச் செல்லும் பெண்கூட நின்று பார்த்தாள்.

போராவுக்கு அந்த நிமிடம் உடம்பிலேயே இருந்தது. அறுவடைப் படகு ஒன்று திரையின் கீழேயிருந்து வந்தது. திட்டப்படி ட்ரோன் மெல்லப் பின்வாங்கி அதோடு போக வேண்டும். பின்வாங்கிக்கொண்டுதான் இருந்தது. பிறகு நின்றது. நின்றதும் காட்சி சட்டென்று அழகாகிவிட்டது. அசையாத கறுப்பு வரிகள், அவற்றை ஊசிபோல் கடந்து போகும் ஒரே ஒரு படகு. இவன் எப்படித்தான் கண்டுபிடிக்கிறானோ என்று நினைத்தாள். திரும்பாமலே கத்தினாள்: "அப்படியே வெச்சிரு. ரொம்ப நல்லா இருக்கு." பறக்கவிடும்போது கிஹோ பதில் பேசமாட்டான். எப்போதுமே பேசமாட்டான்.

டிவியில் அறுவடைப் படகு வரிகளைக் கடந்துகொண்டிருந்தது.

"எப்படி ஆடாம பிடிச்சிருக்கான் பாரு" என்றாள் மாமியார். டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். "என் பிள்ளை கை அது. அவன் அப்பா மாதிரி இல்ல, கை நடுங்கவே நடுங்காது."

அப்போது காட்சி மிக லேசாக வலப்பக்கம் நழுவி, உடனே பழைய இடத்துக்கு வந்தது. கடலில் காற்று அடித்திருக்கும். மறுபடி நழுவியது, மறுபடி வந்தது. ஒரே அளவு. தூங்குகிறவரின் மார்பு ஏறி இறங்குவதுபோல.

மான்சுவின் சாப்ஸ்டிக் கிண்ணத்துக்கு மேலே நின்றுவிட்டது.

போரா அவனைப் பார்த்தாள். அவன் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து, சாப்ஸ்டிக்குகளை மேசையில் வைத்து, இரண்டின் நுனியையும் சமமாக்கினான். கையால் பிடித்து நிறுத்தினால் அப்படி வராது. கை முந்தும் அல்லது பிந்தும். குச்சியிலிருந்து விரல்களை எடுத்துவிட்டால்தான் அது நின்ற இடத்தில் தானாக அப்படி நிற்கும். பழகுகிறவர்களுக்கு முதல் நாள் கிஹோ சொல்லிக்கொடுப்பதே அதுதான்: பயந்துட்டா கையை எடுத்துருங்க, அது பாட்டுக்கு நிக்கும்.

அந்த மேசையில் எல்லோருக்கும் தெரிந்தது. அவளுக்கும் நேற்றே தெரிந்திருக்க வேண்டும்.

காட்சி ஓடிக்கொண்டே இருந்தது. அது இவ்வளவு நீளமாக இருந்தது என்று அவளுக்கு நினைவில்லை. அறுவடைப் படகு மேல் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. அவள் கேமராவை நிதானமாக, ஆசையாகத் திருப்பி வெயில் பட்ட தண்ணீரைக் காட்டினாள். திரும்ப வரிகளுக்கு வந்தாள். அவசரமே இல்லாத கை. தன் கையை அவள் டிவியில் பார்த்தாள்.

"கிசோக், அத நிறுத்துப்பா" என்றான் மான்சு.

"ஏன் அண்ணே?"

"இல்ல... ரிமோட்ல சார்ஜ் போயிரும்."

"சார்ஜ்லதான் போட்டிருக்கேன்."

"ஓடட்டும்" என்றாள் மாமியார் டிவியை விட்டுத் திரும்பாமல். "முடிஞ்சா முதல்லருந்து போடு."

கிசோக் அது திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்தான். கிஹோவின் தொப்பி, அண்ணாந்த முகம், மறுபடி கடல். போரா ஆரஞ்சின் ஒரு சுளையை எடுத்து வாயில் வைத்தாள். அதை மெல்ல வேண்டும் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது.

கிஹோவைப் பெட்டியில் வைக்கப் போவதால் வரச் சொல்லி ஆள் வந்தார். நடைவழி நீளமாக, மஞ்சள் விளக்கோடு இருந்தது. கிசோக்கும் சொந்தக்காரர்களும் முன்னால் போனார்கள். மாமியாருக்கு முழங்கால் வலி. போரா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். ஈரக் காலுறை செருப்புக்குள் வழுக்கியது.

சொல்லாமலே இருந்துவிடலாம். மான்சு சொல்லமாட்டான். அந்த மேசையில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். பையன் கை நடுங்கவில்லை என்பதோடு இந்த அம்மா மிச்ச வயதைக் கழித்துவிடுவாள்.

"அத்தை."

"ம்."

"அந்தப் படத்துல ஆடாம நிக்குதே, அது அவர் கை இல்ல. கையை எடுத்துட்டா ட்ரோன் தானா அப்படி நிக்கும். அப்பவே அவர் விழுந்துட்டாரு."

மாமியார் நிற்கவில்லை. இரண்டு பேரும் அதே வேகத்தில் நடந்தார்கள்.

"அப்ப அந்தப் படத்த யாரு எடுத்தது?"

"நான்."

"நீ அதையே பாத்துக்கிட்டு இருந்தியா?"

"ஆமா. திரும்பிப் பாக்கல. அவர் பிடிச்சு நிக்கிறாருன்னு நெனச்சேன். நல்லா இருக்குன்னு சொன்னேன்."

"யார்கிட்ட?"

"அவர்கிட்ட."

முழங்கை அவள் பிடியிலிருந்து நழுவியது. மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சில அடி நடந்தாள். பிறகு நின்றாள். முதுகைக் காட்டியபடியே கேட்டாள்.

"சத்தமாவா சொன்ன?"

"கத்தித்தான் சொன்னேன். இஞ்சின் ஓடுதுல்ல."

"அவனுக்குக் கேட்டிருக்குமா?"

"தெரியல அத்தை."

மாமியார் சுவரிலிருந்து கையை எடுத்தாள். உள்ளே போனாள்.

அறை மிகவும் சுத்தமாக இருந்தது. கிஹோவைக் குளிப்பாட்டி, சணல் துணி உடுத்திப் படுக்கவைத்திருந்தார்கள். வெள்ளைக் கையுறை போட்ட பணியாளர் தாழ்ந்த குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் செய்தார். முகத்தைத் தொட விரும்புகிறவர்கள் தொடலாம் என்றார். கிசோக் தொட்டான், உடனே வெளியே ஓடினான். அடுத்து கைகளுக்குச் சணல் உறை. பணியாளர் கிஹோவின் வலது கையை உறைக்குள் விட்டு நாடாவைச் சுற்றினார். பிறகு இடது கை. விரல்கள் எல்லாம் உள்ளே போய்விட்டன. இரண்டு பைகள் போல அவை வயிற்றின் மேல் இருந்தன.

"கத்திரிக்கோல் இருக்கா?" என்று கேட்டாள் போரா.

பணியாளருக்குப் புரியவில்லை.

"கட்டைவிரல் வெளிய வரணும். அவருக்கு அப்படித்தான் வெட்டுவேன்."

சொந்தக்காரர்களில் ஒருத்தி "அம்மாடி" என்று அவள் தோளைப் பிடிக்க வந்தாள். பணியாளர் மெதுவாகச் சொன்னார், "இந்தத் துணியில வெட்டுப் போடுற வழக்கம் இல்லீங்க. நாங்க யாருக்கும்..."

போரா தலையாட்டினாள். சரி என்றுதான் ஆட்டினாள். கை மட்டும் நீட்டியபடியே இருந்தது.

"குடுங்க" என்றாள் மாமியார்.

பணியாளர் மாமியாரைப் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து கத்திரிக்கோலை எடுத்துக் கொடுத்தார். மாமியார் அதை வாங்கி, கிஹோவின் வலது கையைத் தூக்கிப் பிடித்தாள். துணிக்குள் கட்டைவிரல் எங்கே என்று தடவினாள். கண்டுபிடித்துவிட்டு, கத்திரிக்கோலின் பிடியைப் போரா பக்கம் திருப்பினாள்.

"எவ்வளவு வெட்டணும்னு எனக்குத் தெரியாது."

முதல் கணு தெரிகிற அளவு. போரா வெட்டினாள். சணல் விறைப்பாக இருந்தது, கம்பளியைப் போல இல்லை. மாமியார் இடது கையைத் தூக்கிக் கொடுத்தாள். அதையும் வெட்டினாள். குளிரில் வெடித்து ஆறிய கோடுகளோடு இரண்டு கட்டைவிரல்களும் வெளியே வந்தன.

வெட்டிய இடத்திலிருந்து ஒரு நூல் பிசிறு வலது விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. மாமியார் குனிந்து அதை ஊதினாள். அது போகவில்லை. இன்னும் கிட்டே குனிந்து, மறுபடி ஊதினாள்.