பதினொரு போன், மூன்று பெட்டி

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு நோட்டிலிருந்து கிடைத்தது. 2007-இல் என் மாமனார் இறந்த அன்று, பிணம் வைக்கும் ஐஸ் பெட்டியை வாடகைக்கு எடுக்க மூலக்கொத்தளம் போயிருந்தேன். கடைக்காரர் உள்ளே போன நேரத்தில் மேசைமேல் கிடந்த நோட்டைப் புரட்டினேன். பேர், விலாசம், போன் வந்த நாள், முடிவு என்று நான்கு கட்டங்கள். ராயபுரத்து விலாசம் ஒன்றுக்கு மட்டும் முடிவு காலி. மற்றதெல்லாம் நானாகக் கட்டியது.

2

கடைக்காரருக்கு வரதன் என்று பேர் வைக்கிறேன். சுவரில் ஒட்டும் நோட்டீஸை நம்பித் தொழில் ஓட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் எல்லாம் அமெரிக்காவிலும் துபாயிலும் கிடக்கிறார்கள், அப்பன் ஆத்தாளுக்கு ஒன்று என்றால் கம்ப்யூட்டரில்தான் தேடுவார்கள் என்று அவர் மனதைக் கலைத்தது பக்கத்து பிரவுசிங் சென்டர் எழில்மொழி. இன்டர்நெட்டில் போடும் விளம்பரத்தை யாராவது க்ளிக் செய்தால், தடவைக்கு ஒன்பது ரூபாய் கட்ட வேண்டும். வேனுக்கு டயர் மாற்ற வைத்திருந்த எட்டாயிரத்தை வரதன் அதில் போட்டார். (டயர் நான் சேர்த்தது. போனால் வலிக்கிற துட்டாக இருக்க வேண்டுமே.)

இன்டர்நெட் விளம்பரத்துக்கென்றே தனி செல் நம்பர். இரண்டு மாதத்தில் அதற்குப் பதினொரு போன் வந்தது, மூன்று பெட்டி போனது. மீதி எட்டு?

"போன் வந்தா மட்டும் போதாதுண்ணா," என்றாள் எழில்மொழி. "எத்தினி போன் பெட்டியாச்சுன்னு தெரிஞ்சாத்தான் போட்ட துட்டு திரும்புதான்னு சொல்ல முடியும். ஒவ்வொருத்தரையா கேட்டு எழுதிக்கினு வா."

என்னவென்று கேட்பது? உங்கள் வீட்டில் செத்தாயிற்றா என்றா? எழுதும்போதே எனக்கு உடம்பு கூசுகிறது. வரதன் கேட்டார். ஏழு பேரிடம் வசவு வாங்கினார். நாலு பேர் வேறு கடையில் பெட்டி எடுத்திருந்தார்கள். மூன்று வீட்டில் ஆள் பிழைத்துக்கொண்டது. அந்த மூன்றுக்கு எதிரே 'போச்சு' என்று எழுதிவிட்டு, எழுதியதைப் படித்ததும் வரதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அழுத்தி அழுத்தி அடித்தார்.

3

எட்டாவது போன் வெளிநாட்டிலிருந்து வந்தது. நம்பர் செல்லில் விழவில்லை. பேசியவன் ரேட் கேட்டு, ராயபுரத்தில் இருக்கும் அப்பாவின் பேரும் விலாசமும் கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் தேவைப்படலாம் என்று சொல்லியிருந்தான். பெரியவர் ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டிருக்கிறார் போலும் என்று வரதன் நினைத்திருந்தார். நேரில் போனார்.

கதவைத் தட்டியபோது உள்ளே பெண்கள் அழுகிற

[இல்லை. கை தானாக எழுதுகிறது.]

உள்ளே நண்டு வறுக்கும் வாசனை. கையில் கரண்டியோடு ஒருவர் கதவைத் திறந்தார். பக்தவச்சலம் வீடு இதுதானே என்று கேட்டார் வரதன்.

"நான்தான். இன்னா வோணும்?"

வரதன் கையிலிருந்த நோட்டை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயரான மனுஷர், குத்துக்கல்லாட்டம் நிற்கிறார். நோட்டு அட்டையில் ஐஸ் பெட்டி என்று கொட்டை எழுத்து. பெரியவர் அதை வாங்கிப் புரட்டித் தன் பேரைப் பார்த்தார். யார் கொடுத்தது என்றார். வரதனுக்குப் பொய் வரவில்லை. உங்கள் மகன் என்று சொல்லிவிட்டார்.

4

மகனை முதலில் அயோக்கியனாக எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். தூரத்தில் இருப்பவன் முன்கூட்டியே விசாரித்து வைப்பது அவ்வளவு பெரிய தப்பா? (மாமனாருக்குப் பெட்டி எடுத்த அன்று, அடுத்த தடவை ரேட் குறையுமா என்று நானும்தான் கேட்டேன். யாருக்கு என்று கடைக்காரர் கேட்கவில்லை. வெளியே வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது.)

5

பெரியவர் கரண்டியை வீசுவதாக எழுதிப் பார்த்தேன். மயங்கி விழுவதாக எழுதினேன். இரண்டையும் கிழித்தாயிற்று. அவர் வாசற்படியில் உட்கார்ந்து நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"அவன் எங்கைல பேசி ஆறு மாசம் ஆவுது," என்றார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அவன் கொரலு எப்டி கீது? அழுதானா?"

அவன் அழவில்லை. ஆயிரத்தைந்நூறு ஜாஸ்தி, ஆயிரத்து இருநூறுக்கு முடியுமா என்று கேட்டான்.

இதற்கு மேல் இரண்டு முடிவு எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் வரதன் ஆமாம் என்கிறார், மற்றதில் இல்லை என்கிறார். இரண்டையும் என்னால் முழுசாகப் படிக்க முடியவில்லை. நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள், பெரியவர் வரதன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.