விடுபட்ட நான்கு பக்கங்கள்

மேல்நிலைச் சிறப்பு உயிரியல் வகுப்பில் சேர ஆசைப்படுகிறவர்கள் முதலில் அந்தப் பாடப்புத்தகத்தை ஒருமுறை தூக்கிப் பார்த்திருக்க வேண்டும். ஆயிரத்து இருநூறு பக்கம். வாரத்துக்கு இரண்டு பாடம், பாடத்துக்கு நாற்பது பக்கம், அதோடு ஆய்வுக்கூடப் பதிவேடு வேறு. சாதாரண உயிரியலில் முதல் மதிப்பெண் வாங்கிய தெம்பில் வந்து சேர்ந்த பதினெட்டுப் பேரும் முதல் மாதத்திலேயே விழி பிதுங்கி நின்றார்கள்.

அவர்களில் இருவர் வாயாடியும் சோடாபுட்டியும். வீட்டில் வைத்த பெயர்கள் வேறு, வகுப்பில் நிலைத்தவை இவைதான். வாயாடி ஒரு எலெக்ட்ரீஷியனின் மகள். பேச ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்தமாட்டாள். சோடாபுட்டி தடித்த கண்ணாடிக்குள்ளிருந்து எதையும் இரண்டு தடவை படிப்பவள். அவள் அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் போர்வைகளும் விரிப்புகளும் வெளுத்துவிட்டு வீடு வந்து சேர்வதற்குள், சமையலும் தம்பிகளின் வீட்டுப்பாடமும் அவள் தலையில்தான். இருந்தும் அவள் அந்த வகுப்பை விடுவதாக இல்லை. தாதியர் படிப்புக்கு இதிலிருந்துதான் ஆள் எடுப்பார்கள் என்று அம்மாவிடம் யாரோ சொல்லியிருந்தார்கள்.

ஒருத்தியால் முழுப்புத்தகத்தையும் கட்டி மேய்க்க முடியாது என்று தெரிந்ததும் இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஆளுக்கு ஒரு பாடம். ஞாயிற்றுக்கிழமை படித்துக் குறிப்பெழுதி, திங்கட்கிழமை நகலெடுத்து மாற்றிக்கொள்வது. மற்றவள் பாடத்துக்குப் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம். எழுதும் ஒவ்வொரு தாளிலும் வலது மேல்மூலையில் தேதி இருக்கும். அது டீச்சர் அடித்துப் பழக்கிய பழக்கம். தேதி இல்லாத தாளை அவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். போகப்போக யோசிக்காமலே கை அந்த மூலைக்குப் போய்விடும்.

அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின ஞாயிறு, வாயாடியின் பங்குக்குச் சிறுநீரகம் வந்தது. முப்பத்தாறு பக்கம் மளமளவென்று எழுதிவிட்டாள். மிச்சம் நான்கு பக்கம், நெஃப்ரானின் வளைந்த குழாய் தண்ணீரை எப்படித் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது என்பது. படித்தாள், மண்டையில் ஏறவில்லை. கூடத்தில் அத்தை மகள் சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டே ஒரே ஒரு ஆட்டம் என்று கூப்பிட்டாள். இதையெல்லாம் எங்கே கேட்கப்போகிறார்கள் என்று வாயாடி புத்தகத்தை மூடினாள். ஆட்டம் ஒன்று ஐந்தானது. விட்டதுதான் விட்டாள், 'இதை விட்டுவிட்டேன்' என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அதற்கும் சோம்பல்.

தேர்வு வெள்ளிக்கிழமை. காலையில் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. மனசு உறுத்தியதில் அந்த நான்கு பக்கங்களைத் திறந்தாள். என்ன அதிசயமோ, இந்தத் தடவை புரிந்தது. இறங்கும்போது படத்தை மனதிலேயே வரைய முடிந்தது.

பள்ளி வாசலில் சோடாபுட்டி வாயாடியின் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தாள். மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. சொல்லிவிடத்தான் வாயாடி பக்கத்தில் போனாள்.

"உன் பாடத்துக்கு நான் புத்தகத்தைத் தொடவே இல்லடி. நீ மட்டும் இல்லேன்னா நான் எப்பவோ ஓடியிருப்பேன்" என்றாள் சோடாபுட்டி.

அதற்குப் பிறகு சொல்ல வாய் வரவில்லை. வராது, கேட்கமாட்டார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஊருக்கெல்லாம் பேசுகிற வாய், பேச வேண்டிய பத்து நிமிடம் மூடிக்கொண்டது.

கடைசிக் கேள்வியாக அதுவே வந்தது, பன்னிரண்டு மதிப்பெண்ணுக்கு. வாயாடி படத்தோடு எழுதினாள். இரண்டு வரிசை முன்னால் சோடாபுட்டி பேனாவை மூடி வைத்துவிட்டு, கேள்வித்தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அறுபதுக்குக் கீழே வாங்கினால் சாதாரண வகுப்புக்குத் திரும்ப வேண்டும் என்பது விதி. வாயாடி அறுபத்தாறு. சோடாபுட்டி ஐம்பத்தொன்று. அதோடு அந்தப் பன்னிரண்டைக் கூட்டிப் பார்க்கக்கூடாது என்றுதான் வாயாடி நினைத்தாள். ஆனாலும் கூட்டிப் பார்த்தாள்.

பட்டியல் ஒட்டிய அன்று மதியம் சோடாபுட்டியே தேடி வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று வாயாடி நினைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அந்தக் கடைசிக் கேள்விக்கு நீ எழுதின தாளை நான்தான் எங்கயோ தொலைச்சுட்டேன்" என்றாள் சோடாபுட்டி. "கட்டிலைக்கூடப் புரட்டிப் பார்த்தோம். அம்மா வேலைக்குப் போகாம தேடினாங்க. நீ கஷ்டப்பட்டு எழுதினது, மன்னிச்சுக்கோடி. அசல் உன்கிட்ட இருக்குமில்ல? நீ என்ன எழுதியிருந்தேன்னு ஒரு தடவை பார்க்கணும்."

அந்த நொடியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வீட்டில் தேடிப் பார்க்கிறேன் என்றாள் வாயாடி.

சாயங்காலம் மேசையில் உட்கார்ந்து அந்த நான்கு பக்கத்தையும் ஒரே தாளில் எழுதினாள். மூன்று தாள் கிழித்து, நான்காவதில் திருப்தியானாள். குழாய்க்கு நீலம், உப்புக்குச் சிவப்பு, தண்ணீர் போகும் திசைக்கு அம்புக்குறி. அவ்வளவு நன்றாக அவள் எதையுமே எழுதியதில்லை. பையில் அடியில் கிடந்ததுபோல இருக்கட்டும் என்று இரண்டாக மடித்துக் கசக்கினாள்.

மறுநாள் தாழ்வாரத்தில் அதை வாங்கிய சோடாபுட்டி சுவரில் சாய்ந்து நின்றபடியே படித்தாள். விரல் அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு குழாயோடு இறங்கி, மறுபக்கம் ஏறி, தாளின் வலது மேல்மூலையில் போய் நின்றது. வாயாடிக்கு அப்போதுதான் தெரிந்தது. பழகிய கை, நேற்றைய தேதியைப் போட்டிருந்தது.

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள். அவள் எதையும் இரண்டு தடவை படிப்பவள்.

"நல்லா புரியுது" என்றாள். தாளை மடித்து வைத்துக்கொண்டாள். பிறகு பையிலிருந்து ஒரு தாள்கட்டை எடுத்து நீட்டினாள். "அடுத்த பருவத்துக்கு என் பங்குல மூணு பாடம். தேர்வுக்கு முன்னாடியே எழுதிட்டேன். எனக்கு இனிமே வேண்டாம்."

அதைக் கொடுத்துவிட்டுத் தாழ்வாரத்தின் அடுத்த கோடியில் இருந்த சாதாரண உயிரியல் வகுப்பை நோக்கி நடந்தாள்.  

அன்று முழுக்க வாயாடி அந்தக் குறிப்புகளைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தாள். பக்கம் பக்கமாக, விரலை வைத்துக்கொண்டு பார்த்தாள். ஒரு பக்கத்தையாவது அவளும் விட்டிருக்கமாட்டாளா என்று மனசு கிடந்து தவித்தது. நூற்றிருபது பக்கம். சோடாபுட்டி ஒன்றைக்கூட விடவில்லை.