எட்டுக்கு எட்டு செஞ்சிலுவை

பெங்களூர் அடுகோடியில் பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டுகிற கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த கேம் கம்பெனி. கீழே சம்மட்டி விழுந்தால் மேலே கம்ப்யூட்டர் நான்கும் ஓசூர் வரைக்கும் துள்ளிப் போய்விட்டுத் திரும்பி வரும். அந்தக் குலுக்கலிலும் கை நடுங்காமல் படம் வரைந்துகொண்டிருந்தவள் தாரணி. 2005-இல் செல்போன் கேமுக்குப் படம் வரைவதென்றால் எறும்புக்கு ஜாக்கெட் தைக்கிற வேலை. மொத்த ஆட்டமும் அறுபத்துநாலு கே.பி.க்குள் அடங்க வேண்டும். கூட ஒரு பருக்கை போட்டாலும் போன் துப்பிவிடும்.

அந்தப் போனுக்குள் அவள் பெங்களூரையே மடித்து வைத்திருந்தாள். ஆம்புலன்ஸ் ஆட்டம். ஒக்கலிபுரத்தில் நோயாளியை ஏற்றிக்கொண்டு, மாடு, ஆட்டோ, ஊர்வலம், தோண்டிப் போட்ட ரோடு எல்லாம் தாண்டி வைட்ஃபீல்ட் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். வழியில் கிடக்கும் செஞ்சிலுவைகளைப் பொறுக்கினால் நோயாளிக்கு உயிர் ஏறும். ஜெயித்தால் கடைசித் திரையில் ‘படம்: தாரணி’ என்று வரும். அந்த ஒரு வரிக்காக ஒன்றரை வருஷம் ரப்பர் புகையைக் குடித்திருந்தாள். ஆம்பூரில் அப்பா தெருவில் யார் போன் வாங்கினாலும், “இதுல எங்க பொண்ணு பேரு வரும்” என்று சொல்லி வைத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை, கேமை வாங்கி வெளியிடப்போகிற ஐரோப்பியக் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. முதலாளி சுந்தரம் சார் வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“ஏம்மா தாரணி, செஞ்சிலுவை போடக்கூடாதாம். வெள்ளிக்கிழமைக்குள்ள எடுக்கலேன்னா கேமே வேணாமாம்.”

“எல்லா மெடிக்கல் ஷாப்லயும் இருக்கே சார்!”

“அதுவும் தப்புதானாம். சண்டையில அடிபட்டவங்களைத் தூக்கப் போறவங்களோட அடையாளமாம் அது. கண்ட இடத்துல போட்டா மதிப்பு போயிடும், அப்புறம் நிஜ சண்டையில எவனும் அதைப் பார்த்துத் துப்பாக்கியை இறக்கமாட்டான்னு எழுதியிருக்கான். நம்ம நாட்டுலயும் சட்டம் இருக்காம்.”

தாரணி யோசித்துப் பார்த்தாள். நியாயமாகத்தான் இருந்தது. அநியாயமாக இருந்தால் இரண்டு வார்த்தை திட்டியாவது இருக்கலாம்.

“ஒரே ஒரு படம்தானே, மாத்திடு.”

புரோகிராம் எழுதும் ஹரிஷ் சிரித்தான். “ஒரே ஒரு படம்தான் சார். அதான் சார் வில்லங்கம்.”

எட்டுப் புள்ளிக்கு எட்டுப் புள்ளி, வெள்ளையில் சிவப்புச் சிலுவை. இடம் மிச்சம் பிடிக்க அதையே ஊர் முழுக்க ஒட்டியிருந்தாள் தாரணி. நாலு சேர்த்தால் ஜன்னல். நெருக்கி அடுக்கினால் செங்கல் சுவர். வரிசையாக நட்டால் ரோஜாத் தோட்டம். மாட்டின் நெற்றிப் பொட்டு, நோயாளியின் ரத்தம், எல்லாம் அதே சிலுவைதான். இந்தச் சிக்கனத்தை மெச்சி ஹரிஷ் அவளுக்கு மசால் பூரி வாங்கித் தந்த நாளும் உண்டு.

புதன்கிழமை சிவப்பைப் பச்சையாக்கினாள். பெங்களூர் முழுக்கப் பாசி பிடித்தது. நோயாளி பச்சை ரத்தம் கக்கினார். இவர் எந்தக் கிரகத்து ஆள் என்று மெயில் வந்தது.

வியாழக்கிழமை சிலுவையை இதயமாக்கினாள். சுவரெல்லாம் இதயம், மாட்டு நெற்றியில் இதயம். “ஆம்புலன்ஸ் ஹனிமூனுக்குப் போகுது மேடம்” என்றான் ஹரிஷ். மெயிலில் ஒரு கேள்விக்குறி மட்டும் வந்தது.

வெள்ளிக்கிழமை வழி தெரிந்தது. சிலுவையின் ஒரு கையை வெட்டிவிட்டால் ஊருக்குச் செங்கல் ஆயிற்று. உயிர் ஏற்ற மட்டும் தனியாக ஒரு இதயம் போதும். ஆனால் அந்த இதயத்துக்கு நாற்பது பைட் வேண்டும். மிச்சம் இருந்ததோ பதினொன்று.

“எதையாவது தூக்கணும். மாடு?” என்றான் ஹரிஷ்.

“மாடு இல்லாம பெங்களூரா?”

“அப்போ என்னதான் தூக்கறது?”

தாரணி கடைசித் திரையைத் திறந்து தன் பேரை அழித்தாள். திரையே போனது. இதயம் கச்சிதமாக உட்கார்ந்தது. ஹரிஷ் கிண்டல் எதுவும் இல்லாமல் அதை ஐரோப்பாவுக்கு அனுப்பிவைத்தான்.

திங்கட்கிழமை பதில் வந்தது. மூன்று முறை பார்த்துவிட்ட ஐரோப்பியக் கம்பெனி வக்கீல்கள் நான்காவது முறை பார்க்கத் தயாராக இல்லை. கேம் வேண்டாம். நன்றி.

மாதக் கடைசியில் மாடியைக் காலி செய்வதாகச் சுந்தரம் சார் சுவரைப் பார்த்துச் சொன்னார். டெஸ்ட் போனைத் திருப்பிக் கொடுக்கும் முன் தாரணி ஒரு முறை ஆடினாள். வைட்ஃபீல்ட் ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. ஜெயித்துவிட்டாள். திரை கறுப்பானது, அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

சாயங்காலம் அடுகோடி சிக்னலில் அவள் ஏறிய பஸ் நின்றுகொண்டிருந்தது. பின்னால் சைரன். திரும்பிப் பார்த்தாள். நிஜ ஆம்புலன்ஸ், நெற்றியில் இட்லிப் பானை மூடி அளவுக்குச் செஞ்சிலுவை. ஓசூர் ரோடு மொத்தமும் அதைப் பார்த்தது. ஒரு ஸ்கூட்டர்கூட ஒரு விரல்கடை நகரவில்லை.

“டிரைவர் சார், ஸ்வல்ப சைடு கொடி” என்று கொஞ்சம் வழிவிடச் சொல்லி, முன்னால் பார்த்துக் கன்னடத்தில் கத்தினாள்.

“எல்லி கொடலம்மா?” என்றார் டிரைவர், ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து விரித்துக்காட்டி.

எங்கே கொடுப்பது என்று அவளுக்கும் தெரியவில்லை. சைரன் கத்திக் கத்தி, கொஞ்ச நேரத்தில் தானாகவே நின்றது. சிக்னல் அப்போதும் சிவப்பில்தான் இருந்தது.